கம்ப்யூட்டர் ரூம் பூட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்ரீரங்கம் விடுதிவாசிகள் சார்பில் ஒரு முக்கிய அறிவிப்பு: இன்று உப்புமாவில் உப்பு இருந்தது! உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

நேற்றுக் காலை பள்ளிக் கம்ப்யூட்டர் ரூம் பூட்டில் சாவி சேரவில்லை. திருடன் பழைய பூட்டை உடைத்து, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, வேறு பூட்டைப் போட்டுவிட்டுப் போயிருப்பான் என்று எல்லோருக்கும் பயம். பிரின்சிபால் வாட்ச்மேன் திருவேங்கடம் அண்ணனிடம், "தூங்கிட்டீங்களா? உள்ள ஏதாவது போயிருந்தா உங்களுக்கு இங்க வேலை இல்ல" என்றார். "கண்ணே மூடலைங்க சார்" என்றார் அண்ணன்.

அப்போது உன் வீரமகன் முன்னே போய், தன் சாவியை நுழைத்துத் திறந்துவிட்டான். உள்ளிருந்து ஒரு மௌஸ்கூட ஓடிப்போகவில்லை! "நல்லா இருப்பே தம்பி" என்று அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா, என் டிரங்குப் பெட்டிக்கு ஒரு பூட்டு வேண்டும். பழையது பிரின்சிபால் மேஜைமேல் இருக்கிறது. பகலில் கம்ப்யூட்டர் ரூம் பூட்டைத் திறந்தபடியே கொண்டியில் தொங்கவிடுவார்கள். முந்தாநாள் விளையாட்டுக்கு அதை எடுத்துவிட்டு என் பூட்டைத் தொங்கவிட்டேன். சாயங்காலம் கம்ப்யூட்டர் சார் பார்க்காமல் அழுத்திப் பூட்டிவிட்டார். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். அண்ணனின் வேலை தப்பியது. உன்னைத்தான் வெள்ளிக்கிழமை வரச் சொல்கிறார்கள். பூட்டை மறந்தாலும் பரவாயில்லை, நீ வா.

மணி அடித்துவிட்டது,
பாலமுரளி