அந்தோணி சொல்லிக்கொடுத்த சிரிப்பு

சிங்கப்பூர், 11-8-1983, வியாழன்

கண்ணைப் பார்த்துப் பேச முடியாவிட்டால் புருவத்துக்கு நடுவில் பார், எல்லாரும் சிரித்தால் நீயும் சிரி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அந்தோணி. ஆபீசில் எனக்கிருந்த ஒரே கூட்டாளி.

இன்று கேன்டீனில் யாரையோ நடித்துக் காட்டினான். விறைப்பாக நின்று, எதிரில் இருந்தவனின் புருவத்தையே முறைத்தபடி, உட்லண்ட்ஸ் போகும் பஸ் நம்பர்களை வரிசையாக ஒப்பித்தான். நடுவில் ஒன்றை விட்டுவிட்டான். நான் எடுத்துக் கொடுத்தேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கேன்டீனில் தேத்தண்ணி கலக்கும் மேரி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "உன்னயத்தான் தம்பி நடிச்சுக் காட்டுறான். நீயும் சேந்து சிரிக்கிறியே," என்றார்.

புருவ விஷயம் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கூடவா காட்ட வேண்டும்?

நாளை காலையில் வந்து, "சாப்டியாடா?" என்று கேட்பான். அப்போது எங்கே பார்ப்பது என்று அவன் சொல்லித்தரவில்லை.