மொட்டைக்குக் காய்ச்சிய எண்ணெய்

1968, ஆடி, வியாழன் இரவு

எனக்கு டைபாய்டு தெளிந்தால் முடி தருவதாக வேண்டிக்கொண்ட என் மனைவி கன்னியம்மா, போன வாரம் திருத்தணியில் மொட்டை போட்டுக்கொண்டாள். இன்று கழனியிலிருந்து வந்தால் வீடெங்கும் கரிசலாங்கண்ணி வாசனை. நாளைய தலைமுழுக்குக்கு வழக்கம்போல எண்ணெய் காய்ச்சியிருக்கிறாள். கல்யாணமான புதிதில், இருட்டில் அவள் அருகில் வந்துவிட்டதை இந்த வாசனைதான் எனக்குச் சொல்லும். தலையணையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

சடசடப்பு அடங்கிச் சட்டியை இறக்கிய பிறகுதான் அவளுக்கே உறைத்ததாம். மொட்டையைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

"கை அது பாட்டுக்குக் காச்சிடுச்சுய்யா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கோசரம் அம்மாம் முடியையும் குடுத்துட்டு நிக்கிறியே" என்றேன்.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு என் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

"மயிருதானே, மொளைக்கும். உன் தல இருக்குதுல்ல, காட்டு."