காதரின் படிக்கட்டுக்கு ஒரு சிப்

அன்பு மாப்ளே காதர்,

சிப் கம்பெனியிடம் நீ இலவசமாகக் கேட்டிருந்த சாம்பிள் வந்துவிட்டது. உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள் ஆயிஷா போன் செய்தாள்.

"அண்ணே, அவுக பேருக்கு ஒரு டப்பா வந்திருக்கு. கையில வச்சா வெயிட்டே இல்ல. திறக்கவா, வேண்டாமா?"

சுனாபட்டியில் என் வீட்டிலிருந்து தாராவிக்கு வந்தேன். கீழே உன் பெல்ட் பட்டறை பூட்டியிருக்கிறது. மேலே வீட்டுக்கு அதே இரும்புப் படிக்கட்டு, ஏணி போல. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் நீ ஒட்டிய எல்.இ.டி. பட்டைகள் எரியாமல் இருக்கின்றன. எல்லாப் படிக்கும் ஒரே அளவாகக் கரண்ட் பிரித்துக்கொடுக்கும் அந்தச் சிப் ஒன்றுதான் பாக்கி என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

டப்பாவைத் திறந்தோம். உள்ளே நாலைந்து சிப், நீ சொன்ன அதேதான். ஆனால் சர்க்யூட் பலகைத் துளையில் செருகும் நீளக்கால் சிப் இல்லை, மெஷின் வைத்து ஒட்டுகிற தட்டை ரகம். கால்கள் இருப்பதே உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. என் வீட்டில் உட்கார்ந்துதானே சாம்பிள் கேட்கும் படிவத்தை நிரப்பினாய்? அன்றைக்கும் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தாயா?

உன் மகன் ரஹீம் கல்யாணில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வந்திருந்தான். "பாத்ரூம் போகணும்னாலும் அம்மா இதுல இறங்கணும் மாமா. மழை தொடங்கிட்டா ஒரே வழுக்கல். அதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றான்.

"நான் எங்கயும் வரல. படியில ஒரு பல்பு இருக்குல்ல?" என்றாள் ஆயிஷா.

"அது உன் முதுகுக்குப் பின்னாடி இருக்கும்மா. உன் நிழலையேதான் மிதிச்சு இறங்குற."

அவன் சொல்வது சரிதான். அதற்காகத்தானே நீ பட்டைகளை விளிம்பில் ஒட்டினாய்.

எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் லேமிங்டன் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "ஏக்-தோ நஹி மிலேகா சாப், பூரா பாக்ஸ் லேனா படேகா" என்றார்கள். ஒன்றிரண்டாகத் தரமாட்டார்களாம், முழுப் பெட்டியாக வாங்க வேண்டுமாம். ஒரு சிப்புக்காக ஆயிரக்கணக்கில் அடைத்த பெட்டியை வாங்கி நான் என்ன செய்ய? நீ ஏன் எப்போதும் சாம்பிள் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாய் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் அந்தக் கம்பெனியிலிருந்தே போன் வந்தது. ஆபீஸ் மெயில் இருந்தால்தான் சாம்பிள் தருவார்கள் என்று என் பத்திரிகை மெயிலைக் கொடுத்திருந்தாய் அல்லவா? பேசியது பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண்.

"சார், வருஷத்துக்குப் பத்தாயிரம் தேவைப்படும்னு போட்டிருக்கீங்க. புரொடக்ஷன் எப்ப சார்? அதுவும் ஒரு பேப்பர் ஆபீஸ்ல?"

ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். அன்றைக்குப் பதில் சொல்வது என் முறை. நடந்ததை அப்படியே சொன்னேன்.

"அப்போ யூஸ் பண்ணப்போறவங்க பேர்லயே கேளுங்க சார். உண்மையான தேவையைப் போடுங்க. கிடைக்கும்னு நான் பிராமிஸ் பண்ண முடியாது. மேல அனுப்புறேன்."

ஆயிஷாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் பெயரிலேயே புதுப் படிவத்தை நிரப்பினேன். நீளக்கால் ரகம்தானா என்று மூன்று தடவை பார்த்தேன். கம்பெனி பெயருக்கு உன் பட்டறைப் பெயர். வருடத் தேவை என்ற இடத்தில் என் கை நின்றது. பத்தாயிரம் போட்டால்தான் மதிப்பான் மச்சான் என்பாயே.

"ஒண்ணுன்னு போடுங்கண்ணே. அவுக பத்தாயிரம் போட்டு வாங்குனது கண்ணுக்கே தெரியல" என்றாள் ஆயிஷா. நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இன்னும் பதில் இல்லை. காலையில் எழுந்ததும் மெயிலைத் திறக்கிறேன். 'பரிசீலனையில்' என்றே இருக்கிறது. செய்தி எழுத உட்கார்ந்தால் வானத்தைப் பார்க்கிறேன். மாட்டுங்கா பக்கம் நேற்றே மேகம் கூடியிருந்தது. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. உன் தட்டைச் சிப்புகளில் ஈயம் வைத்துப் பழகுகிறேன். ஒன்றைக் கருக்கிவிட்டேன், கோபிக்காதே. நல்ல பதில் வராவிட்டால் மிச்சத்தில் ஒன்றையாவது கையாலேயே ஒட்டியாக வேண்டும்.

எதை வைத்தாவது மழைக்கு முன்னால் அந்தப் படிகள் எரியும் மாப்ளே. எரிந்ததும் முதலில் இறங்கிப் பார்ப்பது நான். விழுந்தால் சிரிக்க நீ இல்லை, அதனால் பார்த்தே இறங்குகிறேன். எனக்குப் பின்னால்தான் ஆயிஷா கால் வைப்பாள்.

இப்படிக்கு,
ஆயிஷாவின் அண்ணன், உன் மச்சான்
சிவராமன்