காலா மீனின் செவுளில் என் பெயர்

நேற்று கடைவாய்ப் பல் வலி தாங்காமல் வைத்தியசாலைக்குப் போனேன். கம்பவுண்டர் பஞ்சைக் கிராம்புத் தைலத்தில் நனைத்துப் பல்லில் அழுத்தினார். வலி போயிற்றோ இல்லையோ, அந்த வாசனையோடு நீங்கள் நினைவுக்கு வந்துவிட்டீர்கள். "இன்னாத்துக்கு நைனா அழுவுற? அவ்ளோ நோவுதா?" என்று கம்பவுண்டர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அவரிடம் வேறு என்னத்தைச் சொல்ல?

கல்லூரியில் நம் அறையின் வாசனை அது. மீனின் செவுளில் கிடைக்கும் புழுவைச் சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து, கடைசியாகக் கிராம்புத் தைலத்தில் போடுவீர்கள். சற்று நேரத்தில் அது கண்ணாடிபோல் தெளிந்துவிடும். உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். நீங்கள் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர், நான் பாத்திரம் கழுவும் அட்டெண்டர். இருவருக்கும் ஒரே வயது. ஆனாலும் நான் உங்களை சார் என்றுதான் கூப்பிட்டேன். இப்போதும் வேறு மாதிரி வாயில் வரவில்லை.

ராயபுரம் கரையில் மீன் விற்கும் என் அக்காவிடம் காலையில் மீன் வாங்கி, தகர வாளியில் போட்டு டிராமில் ஏறுவேன். "கலீஜ் வாளியத் தூக்கிக்கினு ஏறாதய்யா" என்று கண்டக்டர் கத்துவார். அந்த டிராமும் இப்போது இல்லை. நீங்கள் செவுளை வளைவு வளைவாக நறுக்கிக் கடல்நீரில் போடுவீர்கள். அரிசிக் குருணை அளவுக்கு ஒரு தட்டைப்புழு, செவுளைக் கவ்விக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கும். முதல் முறை லென்ஸில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு பைத்தியமே பிடித்துவிட்டது.

முன்முனையில் வாய், அதற்குள் இரண்டு சின்ன உறிஞ்சிகள். மீனின் ரத்தத்தைக் குடித்துக் கறுத்துப்போன குடல், இரண்டாகப் பிரிந்து கீழே இறங்கும். ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும். பின்முனையில்தான் விஷயம். மணிபர்ஸின் வாய்போல் மூடித் திறக்கும் கவ்விகள் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும். எத்தனை கவ்வி, இரண்டு பக்கமும் சமமா, கவ்வியின் சட்டம் எப்படி வளைகிறது என்று பார்த்துத்தான் குடும்பம், பேரினம், இனம் என்று பிரிப்பீர்கள். "தலையைப் பார்த்து ஏமாறாதே கன்னியப்பா, வாலை எண்ணு" என்பீர்கள். இன்னொன்றும் சொல்வீர்கள்: "இதுங்க வீடு மாறாது. ஒரு மீனோட புழு இன்னொரு மீன்ல குடியேறாது. எந்த மீன்னு தெரியலைன்னா பேர் வைக்கறதுல அர்த்தமே இல்லை."

ஒரு மழைக்காலத்தில் காலா மீனின் செவுளில் அந்த இரண்டு புழுக்கள் கிடைத்தன. உயிர் இல்லை, கொஞ்சம் சுருங்கியிருந்தன. வஞ்சிரத்தின் புழுவுக்குச் சித்தப்பா பிள்ளைபோல் இருக்கிறது, ஆனால் உடம்பு குட்டை, கவ்விகள் வேறு மாதிரி என்றீர்கள். என்னை நிற்கவைத்துப் போலீஸ்காரர்போல் விசாரித்தீர்கள். வேறு மீனோடு ஒரே கூடையில் கிடந்ததா? இல்லை சார். அறுத்த கத்தி வேறு மீனில் பட்டதா? இல்லை சார். நான் சொன்னது அத்தனையும் உண்மை.

மீன் சமைக்காத வீட்டில் பிறந்தவர் நீங்கள். ஒரு நாளும் மீன் வாங்கியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி உங்களுக்குத் தெரியாது. எனக்கோ, அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

புதிய இனம் என்று எழுதி அனுப்பினீர்கள். அச்சாகி வந்தது. என் பெயரின் வாலில் லத்தீன் எழுத்து ஒன்றை ஒட்டி, "கன்னியப்பனி" என்று புழுவுக்குப் பெயர் வைத்திருந்தீர்கள். எட்டாவதோடு நின்றவன் நான். அந்தத் தாளைக் குப்பம் முழுக்கக் காட்டினேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போயும் போயும் புயுவுக்காடா உன் பேரு?" இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

பிறகு வெளிநாட்டிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. மிக நல்ல கண்டுபிடிப்பு, மேலும் சில புழுக்கள் அனுப்பவும் என்று ஒரு பேராசிரியர் கேட்டிருந்தார். உங்கள் பட்டத்துக்கான ஆய்வே அந்தப் புழுவின் மேல்தான் நின்றது. பட்டம் வந்தால்தான் வேலை நிரந்தரம். இந்தத் தடவை சுத்தமாகச் செய்வோம் என்று கட்டுமரத்திலிருந்தே நேராக வாங்கினேன். எத்தனை காலா அறுத்தோம் சார்! ஒன்றிலும் இல்லை. மாதக்கணக்கில் குனிந்து குனிந்து உங்கள் கண்கள் குழிவிழுந்துபோயின.

கடைசியில் நீங்களே கரைக்கு வந்தீர்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கைப் பொத்தாமல். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. உங்களுக்காக ஒரு காலாவை எடுத்துச் செவுளைத் திறந்து பார்த்தாள். செவுள் சிவந்திருந்தால்தான் புது மீன் என்று வாங்குவார்கள்; இது முந்தின நாள் மீன், வெளுத்திருந்தது.

"இரு சார், சாருக்கு வெளுத்த மீனக் குடுப்பனா?" என்றவள், பக்கத்தில் கிடந்த வஞ்சிரத்தின் செவுளைப் பிய்த்து, அந்த ரத்தத்தைக் காலாவின் செவுளில் தேய்த்தாள். "இப்ப பாரு, எப்டி கீது! பளபளன்னு!"

நீங்கள் குனிந்து அந்தச் செவுளைப் பார்த்தீர்கள். "எப்பவும் இப்படித்தானாம்மா?"

"பின்ன? எங்கம்மா காலத்துலேர்ந்து இப்டித்தான்."

என் பக்கம் திரும்பினீர்கள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்" என்றேன். "இங்க எல்லாருக்கும் தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. சித்தப்பா பிள்ளை இல்லை, அதே வஞ்சிரத்தின் புழு. தேய்த்ததில் ஒட்டிக்கொண்டு, நசுங்கி, செத்துச் சுருங்கிய புழு. நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அக்கா கொடுத்த மீனை மறுக்காமல் வாங்கிக்கொண்டு நடந்தீர்கள்.

தவறு என்று எழுதி அனுப்பப்போவதாகச் சொன்னபோது நான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "யாருக்கு சார் தெரியப்போவுது? அக்கா வாயத் தொறக்க மாட்டா. பேஜாரு வேணாம் சார், உட்டுடுங்க."

"அடுத்தவன் ஒருத்தன் காலாவை அறுத்துத் தேடுவான் கன்னியப்பா. நாம தேடினோமே, அது மாதிரி."

உங்கள் வேலைக்காகத்தான் கெஞ்சினேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். பாதி உண்மை. மீதி, என் பெயருக்காக. இதை அன்று சொல்லத் துணிச்சல் இல்லை.

பட்டம் போயிற்று. வேலையும் போயிற்று. ஊர்ப்பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததாகக் கார்டு போட்டீர்கள். அடுத்த கார்டு உங்கள் தம்பி எழுதியது. நெஞ்சு நோயாம், ரத்தமாகக் கக்கினீர்களாம். கார்டு வந்தபோது எல்லாம் முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது.

நீங்கள் எழுதிய மறுப்பை, போன மாதம்தான் புதிய டெமான்ஸ்ட்ரேட்டரிடம் கொடுத்துத் தமிழில் சொல்லக் கேட்டேன். கரையையோ, அக்காவையோ, என்னையோ அதில் நீங்கள் சொல்லவில்லை. மீனைச் சரியாக விசாரிக்காதது ஆசிரியரின் கவனக்குறைவு என்று மட்டும் இருக்கிறதாம். அந்தப் பெயர் அழியாதா என்று அவரைக் கேட்டேன். அச்சில் ஏறிய பெயர் அழியாது என்றார். வஞ்சிரத்துப் புழுவின் சரியான பெயருக்குக் கீழே, செல்லாத பெயராக, உங்கள் பெயரோடு சேர்த்து, இனி வருகிற ஒவ்வொரு புத்தகத்திலும் போடுவார்களாம்.

அந்தப் புழுவை நீங்கள் ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டு என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் அறையைக் காலி செய்த அன்று திருடினேன். காலா, ராயபுரம், கன்னியப்பனி என்று பொடி எழுத்தில் உங்கள் கையெழுத்து. அந்தப் பெயரில் ஒரு உயிர் கடலில் எங்கேயும் இல்லை. நீங்கள் கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன் சார். கேட்காததைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.