ரயிலேறாத சளிக்காரன்

தாராவி, மும்பை
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள சவரிக்கு,

ஆண்டவர் உன்னையும் ஜெனியையும் மாப்பிள்ளை பிரைட்டனையும், இன்று ஞானஸ்நானம் பெற்ற நம் பேரனையும் பத்திரமாக வைத்திருப்பாராக. எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இருமல் மட்டும்தான் பாக்கி. நீ பயப்படும்படி ஒன்றுமில்லை.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். பேசுவதற்கு எனக்குக் குரல் இல்லை. சளி தொண்டையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமையிலிருந்து வெறும் காற்றுதான் வருகிறது. நேற்றுக் காலையில் ஜெனி கூப்பிட்டாள். "ஏம்ப்பா வரல?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒரு சத்தமும் எழவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "எங்கூடப் பேசப் பிரியமில்லன்னா வச்சிருங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் அழுதது எனக்குக் கேட்டது. பிரசவத்தை மும்பையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதும், மாமியார் வீட்டில்தான் என்று அவள் நின்றதும், அதில் எங்களுக்குள் வந்த மனத்தாங்கலும் உனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் நான் வரவில்லை என்று நினைத்துவிட்டாள். எதிர்வீட்டுப் பேராச்சியை விட்டுத் திரும்பப் பேசச் சொன்னேன். ஜெனியும் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை. விசேஷ வீட்டில் போன் எங்கே கிடந்ததோ.

ஆகையால் நடந்ததை எழுதுகிறேன். ஜெனிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நீயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டு.

இங்கே விடாத மழை. பை தைக்கிற பட்டறையில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுத்தான் வேலை. அத்தனை பேருக்கும் ஒரே தண்ணீர்ப் பானை, ஒரே தம்ளர். போன வாரம் ஒருவன் தும்ம ஆரம்பித்தான், பிறகு வரிசையாக எல்லோரும். திங்கட்கிழமை எனக்குத் தொண்டை கரகரத்தது. மறுநாள் மூக்கு ஒழுகி, உடம்பெல்லாம் வலி. முதலாளி காசிம் பாய் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "சாச்சா, கர் ஜாவ், ஆராம் கரோ" என்று மெஷினை அவரே நிறுத்தி, ஓய்வெடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். உனக்குப் போனில் சொல்லவில்லை. சொன்னால் ரயிலேறாதே என்பாய்.

அன்றைக்கே கஞ்சிக்கு அரிசியை அடுப்பில் போட்டுவிட்டுச் சாய்ந்தேன், தூங்கிவிட்டேன். பானை அடிப்பிடித்துக் கருகி வீடெல்லாம் புகை. மூக்கு அடைத்துக் கிடந்ததால் எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. பேராச்சிதான் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். "அண்ணாச்சி, உசுரோட கெடக்கியளா? மதினி இருந்தா இப்படி விடுவாவளா?" என்று சத்தம் போட்டாள். பிறகு அவளே சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் கஷாயம் கொண்டுவந்தாள். உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிக்கச் சொன்னாள். வெந்நீர்ச் சட்டியை வைத்து ஆவி பிடிக்கச் சொன்னாள். எல்லாம் செய்தேன்.

புதன்கிழமை நம் டாக்டரம்மாவிடம் போனேன். மருந்துக் கடைக்காரன் எடுத்துக் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரையைக் காட்டினேன். ஜலதோஷத்துக்கு அது வேலை செய்யாது, தானாக வந்தது தானாகப் போகும், காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை போடுங்கள், சூடாக ஏதாவது குடித்துவிட்டுப் படுங்கள் என்றார். ஊருக்குப் போகலாமா என்று கேட்டேன். பிள்ளை எட்டாம் மாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவன் என்பதையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். உங்களுக்கு இது வெறும் மூக்கொழுகல், அந்தப் பிள்ளைக்கு மூச்சையே நிறுத்திவிடும், தும்மலும் இருமலும் நிற்காமல் பக்கத்தில் போகாதீர்கள் என்றார்.

எனக்கு அது காதில் ஏறவில்லை. வியாழக்கிழமை காய்ச்சல் விட்டிருந்தது. நன்றாகிவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பிள்ளையைக் கையில் ஏந்துகிற ஞானத்தகப்பனாக நான்தான் நிற்க வேண்டும் என்று ஜெனி கேட்டிருக்கும்போது எப்படி வீட்டில் இருப்பது? பெட்டியைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் தாதர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். நம் தெருப் பூலோகமும் அதே வண்டியில் ஊருக்குக் கிளம்பியிருந்தான்.

பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. எந்த ஊர்க்காரியோ தெரியாது. எனக்கு இருமல் வந்தது, கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு இருமினேன். அடக்க அடக்க அடங்கவில்லை. அந்தப் பெண் முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடி, எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். அங்கே போய்த்தான் முந்தானையை எடுத்தாள்.

என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி தன் பிள்ளைக்காக அப்படிச் செய்கிறாள். நான் என் சொந்தப் பேரனைக் கையில் வாங்கி, நெஞ்சோடு வைத்து நிற்கப் போகிறேன். வண்டி வந்தது. பிள்ளைக்கு வாங்கியது உங்களிடம் சேரட்டும் என்று பெட்டியைப் பூலோகத்திடம் தூக்கிக் கொடுத்தேன். "ஏண்ணே, நீங்க ஏறலியா?" என்று கேட்டான். அப்போதே தொண்டை கம்மிவிட்டது. கையை ஆட்டினேன், வண்டி நகர்ந்துவிட்டது. ஸ்டேஷன் வரைக்கும் நல்லாத்தான் வந்தார், பிறகு திரும்பிப் போயிட்டார் என்றுதான் அவன் உங்களிடம் சொல்லியிருப்பான். ஜெனியின் வருத்தம் அதிலிருந்துதான் வந்திருக்கும்.

ஜெனி, அப்பாவுக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லை. உன் பிள்ளைக்குப் பயந்துதான் நின்றுவிட்டேன். பார்க்க வருகிற யாராக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அவனைத் தொட விடாதே. முகத்தில் முத்தம் கொடுக்க விடாதே. மூக்கை உறிஞ்சிக்கொண்டு யார் வந்தாலும், உன் மாமியாரே ஆனாலும், வாசலோடு நிறுத்து. மரியாதைக் குறைவு என்று நினைத்தால் நினைக்கட்டும். உனக்கே சளி பிடித்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு பால் கொடு, பாலை நிறுத்தாதே. சாம்பிராணிப் புகை வேண்டாம். நாக்கில் தேன் தடவ விடாதே, ஒரு வயது வரைக்கும் ஆகாதாம். அவனுக்கு ஆவி பிடிக்கிறேன், தைலம் தடவுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பால் குடிக்காமல் மூச்சு வேகமாக வாங்கினால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. இதெல்லாம் டாக்டரம்மாவிடம் கேட்டு வந்தது.

சவரி, இது வரைக்கும் அவளுக்கு வாசி. இனிமேல் உனக்கு மட்டும்.

போர்வையை மூடிக்கொண்டு ஆவி பிடிக்கும்போது, போதும் எழுந்திருங்க என்று வெளியிலிருந்து ஒரு குரல் வர வேண்டும். அப்படி யாரும் சொல்லாததால் தண்ணீர் ஆறுகிற வரைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டேன், முதுகுக்குக் கை எட்டவில்லை. பேராச்சி வேளாவேளைக்குக் கஷாயத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறாள். அவள் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உள்ளே வராதே என்று நான்தான் கையைக் காட்டினேன். இரண்டு நாளாக வீட்டில் என் இருமலைத் தவிர வேறு சத்தம் இல்லை.

இன்று காலையில் கோவிலுக்குப் போனேன். உள்ளே போகாமல் வாசலோரம் நின்றேன். அங்கே உங்கள் பூசை தொடங்குகிற நேரத்தில், பிள்ளையை ஏந்துகிற மாதிரி என் கை தானாக மடங்கியது. யாராவது பார்த்தார்களோ என்று உடனே தொங்கவிட்டுக்கொண்டேன். எனக்குப் பதிலாக யார் நின்றார்கள்? பிள்ளை அழுதானா?

சீக்கிரம் புறப்பட்டு வா என்று எழுதவில்லை. அவன் தேறி, தாய்க்குக் கொஞ்சம் தெம்பு வருகிற வரைக்கும் நீ இருந்தே ஆகவேண்டும். நான் கஞ்சி வைத்துக் குடித்துக்கொள்வேன்.

ஒன்று மட்டும் செய். கோவிலில் சொல்லும்போது தெரிந்துகொள்ளுங்கள் என்று ஜெனி பிள்ளையின் பெயரை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாளே. இந்நேரம் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவள் மனம் ஆறியதும் என்னைக் கூப்பிட்டு அந்தப் பெயரைச் சொல்லச் சொல். அதற்குள் குரல் வராவிட்டால் என்னால் பதில் பேச முடியாது. காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று அவளிடம் சொல். அது வரைக்கும் செபத்தில் "எங்கள் பிள்ளை" என்றே சொல்லிக்கொள்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று ஆண்டவருக்குத் தெரியும்.

என்றும் உன்,
தனசீலன்