பீங்கானை அவளுக்குக் கொடு

நீ போய்ச்சேர்ந்து ஒரு மாதம் கழித்து, தெல்தோட்டை பஸ்ஸில் உன் மகள் ஒரு பார்சல் கொடுத்தனுப்பினாள். பழைய பத்திரிகையில் பத்திரமாகச் சுற்றியிருந்தது. பிரித்தால், ஓரத்தில் நீலப்பூப் போட்ட சாப்பாட்டுத் தட்டு. கடைசியாக நினைவிருந்தபோது, "பீங்கான அவளுக்குக் குடு" என்று நீ சொன்னாயாம். நம் பக்கத்தில் பீங்கான் என்றால் சோறு போட்டுத் தின்கிற தட்டுதானே? பாவம், வீட்டில் இருந்ததில் நல்லதாகப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைச் சுவரில் அடித்து உடைத்திருப்பேன்.

கோபம் அவள் மேல் இல்லையடி, உன் மேல்.

கண்டியில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு இரண்டு பேரும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தோம். நீ கிட்டாரை மடியில் படுக்கவைத்து, கம்பிமேல் இரும்புக் கட்டையை வழுக்கி வாசிப்பாய். உனக்கோ எப்போதும் கை வியர்க்கும். கட்டை நழுவும், துருப்பிடிக்கும். வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம், புதிது வாங்க வழியில்லை. பீங்கான் தொழிற்சாலையில் இருந்த என் அண்ணன்தான் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை உருளையைச் சூளையில் சுட்டுக் கொண்டுவந்தான். வியர்த்த விரலிலும் அது நழுவவில்லை. சத்தமும் இரும்பைப்போலக் கீச்சிடாமல் இளகி வந்தது. "பீங்கான எடுடி" என்று நீ கேட்கும்போதெல்லாம் நாம் சாப்பிடப்போகிறோம் என்று பக்கத்து அறை அக்கா நினைத்துக்கொள்வாள்.

நாவலப்பிட்டிக் கல்யாண வீட்டில் நீ முதல்தடவை அதை வைத்து வாசித்தாய். பக்கத்தில் நான் சாதாரணக் கிட்டாரில் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன். பாட யாருமே இல்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா மேடைக்குப் பின்னால் போய், "பாடுற பொம்பள எங்கம்மா?" என்று தேடினார். நீ சிரித்த சிரிப்பில் அடுத்த பாட்டை ஆரம்பிக்கவே நேரமாகிவிட்டது.

அப்படிப்பட்டவளைப் பெண் பார்க்க வந்த அன்றே, "மடியில போட்டுத் தடவுற சாமான் குடும்பப் பொம்பளைக்கு எதுக்கு?" என்று கேட்டார் உன் புருஷன். நான் பதிலுக்கு வாயெடுத்தேன். நீ என் சேலையைப் பிடித்து இழுத்து, "விடுடி, அதுக்கென்ன இப்ப" என்றாய். கிட்டார் உன் தம்பி வீட்டுக்குப் போனது. பிறகு எப்போது வந்து கேட்டாலும் அதே "அதுக்கென்ன இப்ப"தான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

உன் மகளுக்குப் போன் எடுத்தேன்.

"மகள், அம்மா சொன்னது தட்டு இல்லம்மா. வெள்ளையா, உருண்டையா, வெரல் நீளத்துல ஒண்ணு இருக்குமே?"

"அதுவா ஆன்ட்டி? அம்மா இஞ்சி பூண்டு தட்டுறதுங்க. அது ஒங்களுக்கு எதுக்கு?"

"அத வச்சுத்தாம்மா அவ கிட்டார் வாசிச்சா."

"எங்கம்மாவா?" என்று கேட்டாள்.

பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா இது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வாய் நொந்தா போயிருக்கும்?

மறுநாளே தெல்தோட்டைக்குப் போனேன். கதிரையில் சாய்ந்தபடியே, "ஒரு இஞ்சி தட்டுற கல்லுக்கா இவ்வளவு தூரம்?" என்றார் உன் புருஷன். உன் மகள் முகத்துக்காக அவரைத் தாண்டி நேரே அடுப்படிக்குப் போனேன்.

அவள் அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் கொடுத்தாள். அப்படியும் பூண்டு வாடை போகவில்லை. ஒரு முனை சிதைந்து, மஞ்சளேறிக் கிடந்தது. திருப்பிப் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பார்த்தேன். கம்பியில் படுகிற அந்தப் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"பக்கத்தால நசுக்கினா அம்மாவுக்குக் கெட்ட கோவம் வரும் ஆன்ட்டி," என்றாள் மகள். "நிமித்திப் புடிடின்னு கத்துவாங்க. ஏன்னு சொல்லமாட்டாங்க."

ஆக, உனக்கும் கோபம் வந்திருக்கிறது. இஞ்சி தட்டிய பிள்ளையிடம் காட்டியதில் ஒரு துளியை அன்று அந்த ஆளிடம் காட்டியிருக்கக்கூடாதா, அடி பாவி? உனக்கும் சேர்த்து இன்றுவரை நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.