சாட்சிக் கையெழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

மஸ்கட்டிலிருந்து சரிதா. நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

போன லீவில், பட்டா மாற்ற என்று சொல்லி அண்ணன் என்னிடம் கையெழுத்து வாங்கிய பத்திரத்தின் நகல் நேற்று வந்தது. நம் மூலக்குளம் வீட்டில் எனக்குப் பங்கே வேண்டாமென்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனாம். சிரித்துவிட்டேன்.

“அண்ணன் சொல்ற எடத்துல போடுடி, பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இவ்ளோ கேள்வி” என்றாயே.

கீழே சாட்சியாக நீ. கைநாட்டு வைக்காதே என்று என் பள்ளிக்கூட நோட்டில் நான் எழுதிப் பழக்கிய அதே ‘சுலோசனா’. இரட்டைக்கொம்புகூட மறக்கவில்லை.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. கருவாடு அனுப்பும்போது அந்த நோட்டையும் வைத்து அனுப்பு. அண்ணன் வீட்டில் என் பொருள் எதற்கு?

உன் மகள்,
சரிதா